எல்லாவற்றுக்கும் ‘சியர்ஸ்’ சொல்லாதீர்கள்: மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பிறமொழிக் கதைகளைத் தமிழுக்குக் கொண்டுவரும் நண்பர்களுக்கும், வேற்றுமொழிப் படங்களுக்கும் தொடர்களுக்கும் தமிழ் வசனம் எழுதும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

உங்களில் பலருக்கு என்னைத் தெரியாது. உங்கள் பிரதி அச்சுக்குப் போகுமுன் ஒற்றும் சந்தியும் பார்த்து, ஊர்ப்பெயரும் ஆண்டும் சரிபார்த்துத் தருகிற மெய்ப்புத் திருத்துநர்களில் நானும் ஒருத்தி. புத்தகத்தில் எங்கள் பெயர் வராது. தப்பு வந்தால் மட்டும் எங்கள் நினைப்பு வரும்.

போன மாதம் ஒரு ரஷ்யச் சிறுகதை வந்தது. ஆங்கிலம் வழியாகத் தமிழுக்கு வந்த பிரதி. கதையில் ஒரு பெரியவர் இறந்துபோகிறார். அடக்கம் முடிந்து உறவும் நட்பும் வீட்டு மேசையைச் சுற்றி எழுந்து நிற்கிறார்கள், கையில் வோட்கா. அடுத்த வரி: எல்லோரும் கோப்பைகளை மோதிக்கொண்டு ‘சியர்ஸ்’ என்றார்கள்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். ரஷ்யர்கள் இறந்தவருக்காகக் குடிக்கும்போது கிளாஸோடு கிளாஸ் மோதுவதில்லை. எழுந்து நின்று, சத்தமில்லாமல் குடித்துவிட்டு உட்காருவார்கள். சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது ‘போயிட்டு வர்றேன்’ என்று சொல்லக் கூடாது என்பதை நாம் எந்தப் புத்தகத்தைப் படித்துத் தெரிந்துகொண்டோம்? அவர்களுக்கு இதுவும் அப்படித்தான். துக்கம் கேட்க வந்த இருபது பேர் வாசலில் நின்று ‘சரி, இனிமே அடிக்கடி வர்றோம்’ என்று கூட்டாகச் சொல்லிவிட்டுப் போனால் அந்த வீட்டுக்காரர்களுக்கு எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது எனக்கு அந்த வரி.

எடுத்துக்கொண்ட ஆங்கிலப் பிரதியில் மோதினார்கள் என்று இருந்திருக்காது. அவர் நினைவாகக் குடித்தார்கள் என்றுதான் இருந்திருக்கும். நம் ஆள் கிளாஸைப் பார்த்தார், மோதிவிட்டார். கிளாஸ் வந்தால் மோத வேண்டும், மோதினால் சியர்ஸ் சொல்ல வேண்டும் என்று கை பழகிவிட்டது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் குடிப்பவள் இல்லை. குடி கெடுத்த வீடுகள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன, அந்தக் கணக்கு எனக்கு நன்றாகத் தெரியும். இது குடியின் புகழ் பாடும் மடல் அல்ல. என் புகார் முழுக்கச் சொல்லைப் பற்றியது. குடியைச் சுற்றி எல்லா மொழியிலும் இரண்டு வகைச் சொற்கள் இருக்கின்றன. ஒன்று, எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்து உரக்கச் சொல்வது. அது வாழ்த்து. மற்றது, பக்கத்து அறையில் இருப்பவருக்குப் புரியக் கூடாது என்று மாற்றிச் சொல்வது. அது கொச்சை. முதல் வகையை எல்லாம் நீங்கள் ‘சியர்ஸ்’ ஆக்குகிறீர்கள். இரண்டாம் வகையை எல்லாம் ‘மது அருந்தினான்’ ஆக்குகிறீர்கள். யார் யாரிடம் காட்டிக்கொள்கிறார்கள், யார் யாரிடம் ஒளிக்கிறார்கள் என்பதில்தான் பாதிக் கதை இருக்கிறது. அந்தப் பாதி அச்சுக்கு வருவதற்குள் போய்விடுகிறது.

சியர்ஸ் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன ‘சியர்’ முதலில் குறித்தது முகத்தை. பிறகு முகத்தில் தெரியும் மனநிலையை, பிறகு நல்ல மனநிலையை மட்டும், கடைசியில் கிளாஸைத் தூக்கும்போது சொல்லும் சொல்லை. ஜெர்மானியர்கள் இன்றும் ‘ப்ரோஸ்ட்’ சொல்லும்போது எதிராளியின் கண்ணைப் பார்த்தே ஆக வேண்டும் என்பார்கள். பார்க்காமல் குடித்தால் ஏழு வருஷத்துக்குப் படுக்கையில் சுகமில்லை என்று ஒரு கேலி நம்பிக்கை வேறு. ‘ப்ரோஸ்ட்’ லத்தீனிலிருந்து வந்தது, நன்மையாகட்டும் என்று பொருள். ஐரோப்பாவில் பெரும்பாலும் ஆரோக்கியத்தைத்தான் வேண்டுகிறார்கள். பிரெஞ்சில் ‘சான்தே’, ஸ்பானியத்தில் ‘சலூத்’, ஐரிஷில் ‘ஸ்லாஞ்சே’, எல்லாமே உடல்நலம். குடலைக் கெடுப்பதைக் கையில் வைத்துக்கொண்டு நலம் கேட்பது வேடிக்கைதான். யூதர்கள் ‘லெ காயிம்’ என்று வாழ்வைக் கேட்கிறார்கள். துருக்கியர் ‘ஷெரெஃபே’ என்று மரியாதையைக் கேட்கிறார்கள்.

ரஷ்யாவுக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் தவறுகளில் அதிகம் அங்கேதான் நடக்கிறது. ரஷ்யர் குடிக்குமுன் ‘நா ஸ்தரோவியே’ சொல்வதாக ஹாலிவுட் படங்கள் உலகத்துக்கே சொல்லிக்கொடுத்துவிட்டன. அது சாப்பாட்டுக்கு நன்றி சொன்னவருக்கு வீட்டுக்காரர் சொல்லும் பதில். ‘நல்லா இருந்துச்சுங்க’ என்றால் நாம் ‘இருக்கட்டும், இன்னும் கொஞ்சம் வெச்சுக்கங்க’ என்போமே, கிட்டத்தட்ட அந்த இடம். வாழ்த்து என்றால் அவர்கள் ‘ஸா’ என்று தொடங்கி, யாருக்காக, எதற்காக என்று சொல்வார்கள். உங்களுக்காக, இந்த வீட்டுக்காக, சந்திப்புக்காக. எதற்காக என்று சொல்லாமல் குடிப்பது வெறும் குடி என்பது அவர்கள் எண்ணம். புறப்படும்போது வாசலில் குடிக்கும் கடைசிக் கிளாஸுக்குக் கைத்தடியின் பெயர் வைத்திருக்கிறார்கள். வழிநடைக்குத் துணையாம். நாம் படி இறங்கும்போது ‘ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போங்க’ என்று கையைப் பிடித்து உட்கார வைப்பது போல.

மூன்றாவது கிளாஸில் ஒரு கண்ணி இருக்கிறது. சாதாரண விருந்தில் மூன்றாவது வாழ்த்து பெரும்பாலும் காதலுக்கு, அல்லது பெண்களுக்கு. படையில் இருந்தவர்கள் கூடிய மேசை என்றால் மூன்றாவது, திரும்பி வராதவர்களுக்கு. அதற்கு எழுந்து நிற்பார்கள், மோத மாட்டார்கள். கதையில் ஒருவன் ‘மூன்றாவது’ என்று ஒரே ஒரு சொல்லைச் சொல்ல, எல்லோரும் எழுந்தால், அங்கே இருப்பவர்கள் ஆப்கானிஸ்தானிலோ வேறெங்கோ ஆட்களைப் பறிகொடுத்தவர்கள் என்று ரஷ்ய வாசகருக்கு அந்த நொடியிலேயே தெரியும். ‘மூன்றாவது ரவுண்டு ஆரம்பமானது’ என்று எழுதினால் நம் வாசகருக்கு என்ன தெரியும்?

நானும் யோக்கியம் இல்லை. ஒரு போர் நாவலில் ‘நூறு கிராம் வோட்கா’ என்று இருந்ததை, திரவத்தைப் போய் கிராமில் எழுதியிருக்கிறாரே என்று ‘நூறு மில்லி’ ஆக்கினேன். பிறகுதான் தெரிந்தது, ரஷ்யர்கள் வோட்காவைக் கிராமில்தான் கேட்பார்கள். 1941-இல் போர்முனைச் சிப்பாய்களுக்கு நாளொன்றுக்கு நூறு கிராம் என்று அரசு அளந்து கொடுத்தது. அந்த ‘நூறு கிராம்’ ஒரு தலைமுறையின் ஞாபகம். அதை நான் மருந்துக்கடை அளவாக மாற்றிவிட்டேன். புத்தகம் இரண்டாம் பதிப்பு வரவில்லை, திருத்த வழியும் இல்லை.

இன்னொரு பிரதியில், கடை வாசலில் முன்பின் தெரியாத மூன்று ஆண்கள் ‘கூடி ஆலோசித்தனர்’ என்று வந்தது. எதைப் பற்றி ஆலோசித்தார்கள் என்று கதையில் எங்குமே இல்லை. சோவியத் காலத்தில் ‘மூன்று பேராக யோசிப்பது’ என்று ஒரு வழக்கு உண்டு. அரை லிட்டர் வோட்கா 2 ரூபிள் 87 கோபெக் விற்ற காலம். ஆளுக்கு ஒரு ரூபிள் போட்டால் ஒரு பாட்டில், மிச்சம் 13 கோபெக்கில் கடித்துக்கொள்ள ஒரு துண்டு பாலாடைக்கட்டி. ஒருவரிடம் பாட்டிலுக்குக் காசு இருக்காது, மூவரிடம் இருக்கும். கடை வாசலில் ஆள் சேர்ப்பதைத்தான் ‘யோசிப்பது’ என்றார்கள். இதற்கு நேரான சொல் நம் ஊர் ஒயின்ஷாப் வாசலில் தினமும் ஒலிக்கிறது. ‘அண்ணே, கட்டிங் வர்றீங்களா?’ 180 மில்லி குவார்ட்டரை வாங்கி ஆளுக்கு 90 என்று இரண்டாக வெட்டிக்கொள்வது. பெயர் தெரியாது, ஊர் தெரியாது, ஐந்து நிமிஷ நட்பு. அங்கே மூன்று, இங்கே இரண்டு. அந்த ஆலோசனைக் கூட்டத்தை ‘கட்டிங் சேர்த்தார்கள்’ என்று எழுதியிருந்தால் ஒரு வாசகர்கூடத் தடுக்கியிருக்க மாட்டார்.

ஜார்ஜியா பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். காக்கசஸ் மலைப்பக்கத்து இந்தச் சின்ன நாடுதான் வாழ்த்துச் சொல்வதை ஒரு கலையாகவே வளர்த்தது. எண்ணாயிரம் ஆண்டுக்கு முன்பே அங்கே திராட்சை மது செய்ததற்குப் பானை ஓடுகள் சாட்சி. மண்ணில் கழுத்துவரை புதைத்த ‘க்வெவ்ரி’ என்ற பெருந்தாழியில் மது ஊறவைக்கும் முறையை 2013-இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. விருந்தின் பெயர் ‘சுப்ரா’. மேசை விரிப்பு என்று பொருள், பாரசீக அரபிச் சுஃப்ராவின் உறவு. விருந்தை நடத்த ஒருவர் இருப்பார், ‘தமதா’ என்பார்கள். அவர் வாழ்த்துச் சொல்லாமல் யாரும் கிளாஸில் வாய் வைப்பதில்லை. கடவுளுக்கு, அமைதிக்கு, நாட்டுக்கு, இறந்தவர்களுக்கு, உடனே பிள்ளைகளுக்கு, விருந்தினருக்கு என்று வரிசையாக அவர் பேச, மற்றவர்கள் அதே பொருளில் ஆளுக்கு நாலு வார்த்தை சேர்த்துவிட்டுக் குடிப்பார்கள். ஒருவரைக் குறிப்பாகப் பேசவைக்க வேண்டும் என்றால் ‘அலவெர்தி’ என்று சொல்லி வாழ்த்தை அவர் கையில் கொடுப்பார். நாலைந்து மணி நேரம் போகும். கூட இருப்பவர்கள் எவ்வளவு குடித்தாலும் தமதா நிலைதடுமாறக் கூடாது. கொம்பில் ஊற்றிக் கொடுத்தால் அதைக் கீழே வைக்க முடியாது, காலி செய்துதான் ஆக வேண்டும்.

இந்தத் தமதாவை ஒரு படத்தின் தமிழ் வரியில் ‘நிகழ்ச்சித் தொகுப்பாளர்’ ஆக்கியிருந்ததைப் பார்த்தேன். அடப்பாவமே. தொகுப்பாளர் மைக் பிடித்து அடுத்தவரைக் கூப்பிடுபவர். தமதா பட்டிமன்ற நடுவரைப் போல. அவர் பேச்சுக்காகவே ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். வானி என்ற இடத்தில் கிடைத்த, கிறிஸ்துவுக்கு ஏழு நூற்றாண்டு முந்தைய, கையில் கொம்பு பிடித்து உட்கார்ந்திருக்கும் ஒரு குட்டி வெண்கல மனிதனைப் பெரிதாக வார்த்துத் திபிலிசி நகரத் தெருவில் தமதா என்றே வைத்திருக்கிறார்கள். அங்கே வாழ்த்துச் சொல் ‘கௌமார்ஜோஸ்’. வெற்றி என்ற சொல்லிலிருந்து வந்தது. வணக்கம் சொல்வதும் அதே வேரிலிருந்துதான். வருகிறவன் போகிறவன் எல்லாம் படையெடுத்த நாட்டில் ஆரோக்கியத்தைவிட வெற்றிதான் முதலில் தேவைப்பட்டிருக்கும் போல.

மோதாமல் இருப்பதற்கு அரசியல் காரணமும் இருக்கலாம். ஹங்கேரியில் பீர் கிளாஸை மோதிக்கொள்வதில்லை. விடுதலைப் போரில் தோற்றபின் 1849 அக்டோபர் 6 அன்று அராத் நகரில் பதின்மூன்று தளபதிகளை ஆஸ்திரிய அரசு கொன்றது. கொன்றவர்கள் பீர் கிளாஸை மோதிக் கொண்டாடினார்கள் என்றும், அதனால் நூற்றைம்பது வருஷத்துக்கு மோதுவதில்லை என்று ஹங்கேரியர் சபதம் எடுத்தார்கள் என்றும் கதை. கெடு 1999-இல் முடிந்துவிட்டது. இன்னமும் பலர் மோதுவதில்லை. நடந்ததா கட்டியதா என்பது வரலாற்றுக்காரர்கள் பாடு. நாவலில் ஒருவன் பீரை உயர்த்தி மோதாமல் நிறுத்தினால், அது கூச்சம் இல்லை என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எல்லாக் கதையையும் நம்பவும் வேண்டாம். ஸ்காண்டிநேவியாவின் ‘ஸ்கோல்’ எதிரியின் மண்டையோட்டில் குடித்ததால் வந்தது என்று அடிக்குறிப்புப் போட்ட ஒருவரோடு எனக்குப் பெரிய சண்டை. அது வெறும் கிண்ணம். இத்தாலியரின் ‘சின் சின்’ மணியோசையும் இல்லை. சீனர்கள் ‘எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று உபசரிக்கும் ‘ச்சிங் ச்சிங்’ கப்பல்காரர்கள் வாய்வழியாக ஐரோப்பா போய் அப்படி ஆனது. அதைக் கொண்டுபோய் ஜப்பானில் சொல்லாதீர்கள். அங்கே அது சின்னப் பையன்களின் உறுப்புக்குச் செல்லப் பெயர்.

ஜப்பான் என்றதும் ‘கன்பாய்’. சீனத்தில் ‘கன்பெய்’, கொரியனில் ‘கொன்பே’, எழுத்து ஒன்றுதான், பொருள் ‘கிண்ணம் வற்றட்டும்’. ஆனால் சீன விருந்தில் கன்பெய் சொன்னால் ஒரே மூச்சில் காலி செய்து கவிழ்த்துக் காட்ட வேண்டியிருக்கும். முடியாதவர் ‘சுய்யி’, அவரவர் விருப்பம்போல, என்று தப்பிக்கலாம். ஜப்பானில் ஒரு வாய் குடித்துவிட்டு வைத்தால் போதும். இரண்டையும் ‘சியர்ஸ்’ என்று எழுதிவிட்டால், சீனக் கதையில் புது மருமகன் ஏன் வியர்த்துப்போய் உட்கார்ந்திருக்கிறான் என்பது விளங்காது. இன்று தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள்கூடக் கொரியத் தொடர் பார்க்கிறார்கள். அதில் ஆபீஸ் விருந்தில் கீழ்நிலை ஊழியர் இரண்டு கையாலும் கிளாஸை வாங்கி, மேலதிகாரிக்கு முகம் காட்டாமல் பக்கவாட்டில் திரும்பிக் குடிப்பார். பெரியவர் முன்னால் குடிக்கும் மரியாதை அது. வீட்டுப் பெரியவர் வந்தால் கிளாஸை மேசைக்கடியில் தள்ளும் ஊர்க்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். அந்தக் காட்சியில் நீங்கள் போடும் வசனம் என்னவோ ‘சியர்ஸ் பாஸ்!’ உடம்பு கூனிக் குறுகி நிற்க, வாய் மட்டும் தோளில் கைபோடுகிறது. நண்பர்கள் தங்களுக்குள் ‘ஜ்ஜன்’ என்பார்கள், கிளாஸ் மோதும் ஓசை அவ்வளவுதான். அது வரும் இடத்தில் வேண்டுமானால் உங்கள் சியர்ஸை வைத்துக்கொள்ளுங்கள், நான் அடிக்க மாட்டேன்.

இனி இரண்டாவது வகை, ஒளிக்கிற சொற்கள். இதில் நம்மவர்கள் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை.

நம் வீட்டைச் சுற்றியே பாருங்கள். தமிழன் அடிப்பது தண்ணி. மலையாளி ‘வெள்ளமடி’ என்கிறான், அதுவும் தண்ணீர்தான். தெலுங்கில் ‘மந்து’, மருந்து. கன்னடத்தில் ‘எண்ணெ’. இந்திக்காரர் ‘தாரு’ என்பது பாரசீகத்தில் மருந்து. இந்த ஐந்து மொழியிலும் யாரும் சாராயம் குடிப்பதில்லை, தண்ணியும் மருந்தும் எண்ணெயும்தான் செலவாகின்றன. இதைப் பார்த்துச் சிரித்துவிட்டு வடக்கே போனால், வோட்காவும் தண்ணிதான். ரஷ்யத்திலும் போலிஷிலும் ‘வோதா’ என்றால் தண்ணீர், வோட்கா அதன் செல்லச் சுருக்கம். விஸ்கி கேலிக் மொழியில் ‘உயிர்த் தண்ணீர்’ என்ற சொற்றொடரின் மிச்சம். லெபனானிலும் துருக்கியிலும் சோம்பு மணக்கும் சாராயத்தில் தண்ணீர் கலந்தால் வெள்ளையாகத் திரியும், அதைச் ‘சிங்கப்பால்’ என்கிறார்கள். சாராயத்தைக் குறிக்கும் அரக்கு என்ற சொல்லுக்கு அரபியில் வியர்வை என்று பொருள். வாலையில் சொட்டுச் சொட்டாகத் திரள்வதால். ஆல்கஹால் என்பதோ அரபியின் ‘அல் குஹ்ல்’, கண்ணுக்கு இடும் மை.

நம் மறைப்பு இன்னும் நுணுக்கமானது. மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்தில் ‘பையன் குடிப்பானா?’ என்று யாரும் கேட்பதில்லை. ‘பழக்கம் ஏதும் உண்டா?’ என்ன பழக்கம் என்று சொல்லவே வேண்டியதில்லை. ‘அவர் சாப்பிடுவாரா?’ என்று குரலைத் தாழ்த்திக் கேட்டால் அது சோற்றைப் பற்றிய கேள்வி இல்லை. என் சித்தப்பா கல்யாண மண்டபத்தில் பந்தி நடுவே கட்டைவிரலை வாய்ப்பக்கம் ஒரு நொடி காட்டுவார். அவ்வளவுதான், மொட்டை மாடிப் படிக்கட்டில் நாலு ஜோடிச் செருப்பு கழன்று கிடக்கும். அதே காரியத்துக்கு ரஷ்யன் விரலால் கழுத்தைச் சுண்டுவான். இந்த இரண்டு சைகையும் ஒன்றுக்கொன்று நேர் மொழிபெயர்ப்பு. கழுத்தைச் சுண்டியதை ‘கழுத்தைத் தடவிக்கொண்டான்’ என்று நீங்கள் எழுதினால் வாசகர் அவனுக்குச் சுளுக்கு என்று நினைப்பார்.

ஈழத்துப் பிரதி வந்தால் இன்னும் கவனம். அங்கே ‘வெறி’ என்றால் போதை, ‘வெறிக்குட்டி’ குடிகாரன், கள்ளுக்கடை ‘தவறணை’, பனையோலையில் கோலிய கள்ளுக் கலயம் ‘பிளா’. ‘வெறியில் வந்தான்’ என்பதை ஆவேசமாக வந்தான் என்று திருத்திய சென்னைக்காரரை எனக்குத் தெரியும். மலேசியத் தோட்டக் கதைகளில் ‘சம்சு’ வரும், மலிவுச் சாராயம். அதைச் சமோசா என்று எண்ணித் திருத்த வேண்டாம். தமிழிலிருந்து தமிழுக்கே இவ்வளவு இருக்கிறது.

போதை ஏறும் படிகளுக்கும் நம்மிடம் பஞ்சமில்லை. சுதி, மப்பு, சலம்பல், அலப்பறை, மட்டை. வாந்திக்குச் சென்னைப் பையன்கள் வைத்த பெயர் ‘ஆஃப் பாயில்’, தரையில் அது கிடக்கும் கோலத்தைப் பார்த்து. 1737-இல் பெஞ்சமின் பிராங்க்ளின் தன் பத்திரிகையில் குடித்திருப்பதைச் சொல்லும் இருநூறுக்கு மேற்பட்ட சொற்களை அகரவரிசையில் வெளியிட்டார். நம் டாஸ்மாக் பார் ஒன்றில் ஒரு வாரம் உட்கார்ந்தால் நாமும் அதில் பாதி தேற்றிவிடலாம். இப்படி இருக்கும்போது ஆங்கிலத்தில் எட்டு விதமாக வருவதை எல்லாம் ‘போதையில் இருந்தான்’ என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வருகிறது? ‘மது அருந்தினான்’ என்பது முதல் தகவல் அறிக்கையின் தமிழ். படம் தொடங்குமுன் திரையில் வரும் எச்சரிக்கையின் தமிழ். அதைச் சொல்லிக்கொண்டு எந்தக் கதாபாத்திரமும் கடைக்குப் போகாது.

மறுநாள் காலைக்கு மட்டும் நம்மிடம் பெயர் இல்லை. ‘இன்னும் எறங்கலை’ என்போம், தலையைப் பிடித்துக்கொண்டு மோர் கேட்போம். பிரெஞ்சுக்காரனுக்கு அது ‘மரவாய்’, ஜெர்மானியனுக்கு ஆண்பூனை, ஸ்பானியனுக்குக் கடல் பின்வாங்கும் இழுப்பு, டென்மார்க்காரனுக்குத் தலைக்குள் தச்சர்கள். வெனிசுவேலாவில் எலி. இவை எல்லாம் நம் பிரதிகளில் ‘ஹேங்ஓவர்’ ஆகிவிடுகின்றன. தச்சரை அப்படியே கொண்டுவாருங்கள். மண்டைக்குள் உளி இறங்கும் வலி தமிழனுக்கு விளங்காதா என்ன?

நீங்கள் என்னைத் திருப்பிக் கேட்கலாம்: சரி அக்கா, சியர்ஸ் வேண்டாம் என்றால் தமிழில் என்ன சொல்வது? நம் வாழ்த்து எங்கே?

இருந்தது. புறநானூற்றில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனைப் பாடும்போது, யவனர் கொண்டுவந்த தேறலைப் பொற்கலத்தில் ஏந்தி மகளிர் ஊட்ட, மகிழ்ந்து இனிதாக இரு என்று சொல்கிறார். மேசையில் கிளாஸைத் தூக்கிச் சொல்லும் வாழ்த்துக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? அதியமான் இறந்தபின் ஔவை பாடிய பாட்டுத் தொடங்குவதே கள்ளில்தான். அவன் யாருக்கு எப்படி ஊற்றிக் கொடுத்தான் என்பதைச் சொல்லித்தான் அழ ஆரம்பிக்கிறாள். கள், நறவு, தேறல், பிழி, தோப்பி என்று வகைக்கொரு பெயர் அப்போது இருந்தது. ‘மகிழ்’ என்ற சொல்லுக்குச் சந்தோஷம் என்றும் பொருள், கள் என்றும் பொருள். ‘களி’யும் அப்படியே. ஆனால் திருக்குறளில் கள்ளுண்ணாமை ஓர் அதிகாரம் ஆயிற்று. ஒளிந்து குடிப்பவனை ஊர் கண்டுபிடித்துச் சிரிக்கும் என்கிறார் வள்ளுவர். ஒளிந்து குடிப்பது அப்போதே தொடங்கிவிட்டது என்றுதானே அர்த்தம். பிறகு நம் காலத்தில் 1937-இல் சேலத்தில் ராஜாஜி தொடங்கிய மதுவிலக்கு 1948-இல் மாகாணம் முழுக்க வந்து 1971 வரை இருந்தது. ஒரு தலைமுறை முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு, பெயரை மாற்றிச் சொல்லி, அவசரமாக விழுங்கியது. 2003 முதல் அரசே சில்லறைக் கடை நடத்துகிறது, ஆனாலும் கம்பி வலைக்கு வெளியே நின்று காசை நீட்டி வாங்கி, ஓரமாகப் போய்க் கவிழ்த்துக்கொள்ளும் அவசரம் போகவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு குடிக்கிற இடத்தில் முகம் பார்த்துச் சொல்லும் வாழ்த்து எப்படி முளைக்கும்?

ஆகவே தயவுசெய்து புதிதாக ஒன்றை உருவாக்காதீர்கள். ‘நலம் பெருகுக’, ‘மகிழ்வோம்’ என்றெல்லாம் சிலர் பிரதியில் எழுதிப் பார்க்கிறார்கள். எந்த மாடியிலும் எவரும் சொல்லாத சொல் அது. தமிழ்ப் பாத்திரம் பேசினால் அவன் சொல்வதைப் போடுங்கள்: ‘ம், எடு மாப்ள.’ வேற்றுமொழிப் பாத்திரம் என்றால் அவன் சொல்லையே தமிழ் எழுத்தில் வையுங்கள். மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்துக்காக ரா. கிருஷ்ணையாவும் பூ. சோமசுந்தரமும் பெயர்த்த காலத்தில் சமோவாரைப் பார்த்திராத நாம் சமோவாரைப் புரிந்துகொள்ளவில்லையா? கௌமார்ஜோஸையும் புரிந்துகொள்வோம். அடுத்த வரியில் அவன் யாருக்காகக் குடிக்கிறான் என்பதை விடாமல் எழுதினால் போதும்.

நம்மிடம் சொல் இல்லாமல் போனாலும் ஒரு செய்கை மிச்சம் இருக்கிறது. சின்ன வயதில் அந்த மண்டபத்து மாடிப்படியில் நின்று எட்டிப் பார்த்திருக்கிறேன். சித்தப்பா கிளாஸை எடுத்ததும் விரல் நுனியை உள்ளே நனைத்து, இரண்டு சொட்டைத் தரையில் தெளித்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். மற்ற மூவரும் அப்படியே. யாருக்காக என்று கேட்டால் அவர்களுக்கும் சொல்லத் தெரியாது. மங்கோலியர்கள் மோதிர விரலை நனைத்து வானத்துக்குத் தெளிப்பதைப் படித்தபோது எனக்கு அந்த மாடிதான் நினைவுக்கு வந்தது. இதைத் தமிழ்க் கதையிலிருந்து வேறு மொழிக்குக் கொண்டுபோகிறவர்கள் ‘சிந்திவிட்டான்’ என்று எழுதிவிடாதீர்கள் என்பதும் என் வேண்டுகோள்களில் ஒன்று.

அந்த ரஷ்யச் சிறுகதை அச்சுக்குப் போய்விட்டது. மொழிபெயர்ப்பாளர் பெருந்தன்மையானவர், கோபித்துக்கொள்ளவில்லை. இரண்டு பேரும் தொலைபேசியில் அரை மணி நேரம் பேசி, அந்த வரியை மாற்றினோம். இப்போது அது இப்படி இருக்கிறது: எல்லோரும் எழுந்தார்கள். யாரும் யாருடைய கிளாஸையும் தொடவில்லை. குடித்துவிட்டு உட்கார்ந்தார்கள்.

அன்புடன்,
உங்கள் மெய்ப்புத் திருத்துநர்